ஞாயிற்றுக்கிழமைக் கர்னல்

அண்ணே, ஒரு சிரிப்புச் சம்பவம் சொல்லட்டுமா? வயிறு வலிக்கும். அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும், இவர்களுக்கு டயரைக் கழற்ற ஸ்பானரே இன்னும் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. உங்களுக்கு இழுப்பு, நெஞ்சுச் சளி, அந்த மாதிரி ஒன்றும் இல்லையே? இல்லையா. நல்லது. அப்படியென்றால் சொல்லலாம்.

சற்று முன்னால் "குடியாத்தம், குடியாத்தம், ஏறு ஏறு, வண்டி கிளம்புது" என்று கண்டக்டர் குரல் கேட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினீர்களே, அது கண்டக்டர் இல்லை. நான்தான். கண்டக்டர் அப்போது புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார். கோபமா? அந்தம்மாவும்தான் கோழிக்கூடையோடு ஓடினார். அவர் சிரித்துவிட்டார் பாருங்கள்.

எனக்கு அது வரும் அண்ணே. யார் குரலைக் கேட்டாலும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ரேஷன் கடைக்காரர், பால் சொசைட்டி செயலாளர், கோயில் திருவிழாவில் மைக் பிடிக்கிற ஆள், எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் குரலில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டேன். ப்ளஸ் டூ பையன்கள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு மூன்று நாள் சஸ்பெண்ட்.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன். சிரிப்பு கடைசியில்தான் வரும். அவசரப்படக் கூடாது.

அதோ, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கருப்புக் கல். நீங்கள்கூட அதன்மேல் பையை வைக்கப் போனீர்கள், நான் வேண்டாம் என்றேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம். வேலூர்ப் பக்கம் இது புதிதில்லை. அந்தக் கல்லில் பதினொரு பேர் இருக்கிறார்கள். பதினொருவரும் சண்டையில் குண்டு பட்டவர்கள். வருஷா வருஷம் டிசம்பர் பதினாறு, காலை ஏழு மணிக்கு அங்கே ரோல் கால் நடக்கும். சுபேதார் தாண்டவராயன் நடத்துவார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். யூனிஃபார்ம் கிடையாது, வெள்ளைச் சட்டையில் மெடல் குத்திக்கொண்டு நிற்பார். நம்பர், ரேங்க், பேர், மூன்றையும் சொல்லிக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆள் ஒருத்தர் முன்வரிசையில் நின்று "ஹாஜர், சாப்" என்று பதில் சொல்ல வேண்டும். செத்தவர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்வது மாதிரி. பதினொரு பேரும் வந்தாகிவிட்டால் எல்லாருக்கும் டீ.

டீ போடுவது எங்கள் அம்மா. பெரிய அலுமினியக் கெட்டிலோடு பின்வரிசையில் நிற்பாள். ஏன் பின்வரிசை என்றால், என் அப்பா அந்தக் கல்லில் இல்லை. அவர் கட்டிலில் செத்தார்.

நாயக் முனிரத்தினம். பனிமலை மேலே ஒரு காவல் போஸ்டில் மூன்று மாதம் இருந்தார். அங்கே குண்டு எதுவும் வெடிக்கவில்லை, காற்றுதான் இல்லை. நுரையீரலில் தண்ணீர் கட்டிக்கொண்டது, ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். உடம்பு லாயக்கில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது எனக்கு மூன்று வயசு. அதற்கப்புறம் பதினொரு வருஷம் அவர் வாசலிலிருந்து குழாயடி வரைக்கும் நடப்பார், திரும்பி வருவார். அப்புறம் வாசல் வரைக்கும். அப்புறம் கட்டில்.

எல்லார் குரலும் வரும் என்றேனே, அவர் குரல் மட்டும் எனக்கு வராது அண்ணே. முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இருமலும், ஆக்சிஜன் மெஷின் சத்தமும்தான். மெஷினை நன்றாகச் செய்வேன். ஸ்ஸ்ஸ்... டப். ஸ்ஸ்ஸ்... டப். கிளாஸில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை, நான் சொன்ன சிரிப்பு இது இல்லை.

கடைசி நாள் மத்தியானம், கணக்கு வாத்தியாரைச் செய்துகாட்டு என்று கேட்டார். செய்தேன். வாத்தியார் சாக்பீஸ் தேடுவார், சட்டைப் பையில், மேஜை டிராயரில், பையன்கள் தலையில்கூட. சாக்பீஸ் அவர் காதில் செருகியிருக்கும். அப்பா சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், அது வழக்கம்தான். இருமல் நிற்கவில்லை. டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார், மாடி ஏறக் கூடாது, எடை தூக்கக் கூடாது, புகைப் பக்கம் போகக் கூடாது என்று. சிரிக்கக் கூடாது என்று அதில் இல்லை. நான் அப்புறம் எடுத்துப் படித்தேன், இரண்டு பக்கமும்.

அந்த டிசம்பரில் அம்மா சுபேதார் வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் கூட நின்றேன். அவருடைய பேரையும் கூப்பிடுவீர்களா என்று கேட்டாள். சுபேதார் கெட்டவர் இல்லை. அம்மாவை உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

"ரூல் இல்லம்மா வச்சலா. குண்டு பட்டவங்க பேரு மட்டும்தான். மேலிடத்து ஆர்டர் இல்லாம நான் ஒரு எழுத்து சேக்க முடியாது."

அம்மா சரிங்க என்றாள். அந்த வருஷமும் டீ அவள்தான் போட்டாள். அடுத்த வருஷமும்.

இதோ பாருங்கள் அண்ணே, நான் அதற்காக ஒன்றும் செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமாஷுக்குத்தான் செய்தேன். நானும் ஆசிப்பும் அன்றைக்கு வேலையில்லாமல் இருந்தோம், அவ்வளவுதான். ஆசிப் என் கூட்டாளி.

போன ஆகஸ்ட். ஞாயிற்றுக்கிழமை. ஆசிப் வீட்டில் யாருக்கோ வாங்கி வேண்டாம் என்று போட்ட சிம் ஒன்று இருந்தது. தண்ணீர் டேங்க் மேலே ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் சுபேதார் வீட்டுக் கொல்லை நன்றாகத் தெரியும். அவர் கிணற்றடியில் கண்ணாடியை மாட்டிவிட்டு ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். லுங்கி, பனியன், முகம் முழுக்க நுரை.

கர்னல் நஞ்சப்பா என்று ஒருத்தர் இருக்கிறார். சுபேதாருடைய யூனிட்டுக்குத் தலைமையாக இருந்தவர், இப்போது குடகில் காப்பித் தோட்டம். அந்தக் கல்லைத் திறந்து வைக்க ஒரு தடவை வந்தார், அரை மணி நேரம் பேசினார். எனக்குப் பத்து நிமிஷமே போதும். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு கனைப்பு, "ம்ஹ்ம்." அப்புறம் ஒரு இடைவெளி. எதிரே நிற்கிறவன் அந்த இடைவெளியிலேயே தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வான்.

போன் போட்டேன்.

"ம்ஹ்ம்." இடைவெளி. "தாண்டவராயன் சாப்?"

அண்ணே, அவர் ரேசரைக் கீழே போட்டார். குதிகால் இரண்டும் ஒட்டின. லுங்கியில், நுரையோடு, கிணற்றைப் பார்த்து சல்யூட் அடித்தார். "ஜெய்ஹிந்த் சார்" என்று அவர் சொன்னது போனிலும் கேட்டது, டேங்க் மேலே நேராகவும் கேட்டது. ஆசிப் சட்டைக் காலரை வாயில் திணித்துக்கொண்டான், விழுந்திருப்பான், நான் பிடித்தேன்.

என்ன சொல்வது என்று நான் யோசித்துவைக்கவே இல்லை. ஆட்டுக்குட்டி வாங்கி அனுப்பு என்று சொல்லலாம் என்றுதான் ஆசிப் சொல்லியிருந்தான். ஆனால் வாய் வேறு சொல்லிவிட்டது. இது என் புது நம்பர், இதில்தான் பேச வேண்டும். சர்வீசில் வந்த நோயில் செத்தவர்களும் நம் ஆட்கள்தான். இந்த வருஷம் ரோல் காலில் அவர்கள் பேரும் வர வேண்டும். லிஸ்ட் தயார் பண்ணுங்கள் சாப்.

வேறு யாராக இருந்தாலும் எழுத்தில் அனுப்புங்கள் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் வி.ஏ.ஓ. என்றால் மூன்று நகல் கேட்பார். சுபேதார் கேட்கவில்லை. சொன்ன ஆர்டரை ஒரு வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னார், பட்டாளத்தில் அது பழக்கமாம். பதினெட்டு வயசில் சேர்ந்ததிலிருந்து அந்த மாதிரிக் குரல் சொன்னால் இப்படி நின்றுதான் அவருக்குப் பழக்கம். முடித்துவிட்டு, நுரை காய்ந்துபோன முகத்தோடு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

இதுதானா சிரிப்பு என்று கேட்கிறீர்கள். இல்லை, இது இல்லை. ஆனால் அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

மறுநாள் போய், நான்தான் என்று சொல்லி ஒரு அறை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மறுநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையில் ஒரு லாங் சைஸ் நோட்டு. அப்பாவுடைய டிஸ்சார்ஜ் புத்தகம் வேண்டும் என்றார். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அவர் நம்பரை எழுதினார், எழுதியதை இரண்டு தடவை சரிபார்த்தார். எந்த ஆஸ்பத்திரி, என்ன தேதி, என்ன நோய் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் எப்படிப் போனான் என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "சிரிச்சிகினே போனாருங்க" என்றாள்.

சுபேதார் அதையும் எழுதிக்கொண்டார். அதற்கு எந்தக் கட்டமும் இல்லை அந்த நோட்டில், ஓரத்தில் எழுதினார். அவர் போனதும் அம்மா கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். டிசம்பருக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

அதனால் நான் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அந்த சிம்முக்கு போன் வந்தது. சுபேதார்தான். ரிப்போர்ட் சார் என்றார். லான்ஸ் நாயக் துளசிராம், இலங்கைக்குப் போய் மலேரியாவோடு திரும்பியவர், நாலு வருஷத்தில் போய்விட்டார், பேர் சேர்த்தாயிற்று. ஹவில்தார் ஆரோக்கியம், கண்ணிவெடி புதைத்து எடுத்துப் புதைத்து எடுத்து இரத்தத்தில் என்னவோ வந்தது, சேர்த்தாயிற்று. நாயக் முனிரத்தினம், சேர்த்தாயிற்று. மொத்தம் மூன்று சார்.

"ம்ஹ்ம். முனிரத்தினம் எப்படிப்பட்ட ஆள் சாப்?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

நல்ல சோல்ஜர் சார் என்றார். போஸ்டில் ரேடியோ கெட்டுப்போனால் முனிரத்தினம்தான் ரேடியோவாம். நியூஸ் வாசிப்பானாம், கிரிக்கெட் கமெண்ட்ரி சொல்வானாம், ஹிந்தியில் ஒரு குரல், பஞ்சாபியில் ஒரு குரல். பனியில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரும் சிரிப்பார்களாம். எனக்கு இது தெரியாது. எங்கள் வீட்டில் அவருக்கு அதற்கெல்லாம் மூச்சு இருந்ததில்லை.

நான் கனைத்தேன். சரி சாப், அடுத்த வாரம் பேசலாம் என்றேன். ஆசிப் பக்கத்தில் ஏதோ கேட்டான், என்ன கேட்டான் என்று நினைவில்லை.

அப்படியே போனது. ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு நான் கர்னல். அவர் ரிப்போர்ட் சொல்வார். நான் முனிரத்தினம் பற்றி ஏதாவது ஒன்று கேட்பேன். நாயக் முனிரத்தினம் என்றுதான் சொல்வேன், ரேங்கோடு. வீட்டில் அப்பா என்ற வார்த்தையே நானும் அம்மாவும் பேசி வருஷமாயிற்று. கர்னலுக்கு அது சுலபமாக இருந்தது. நவம்பர் வரைக்கும் இப்படித்தான். ஆசிப் டேங்க் ஏறுவதை நிறுத்திவிட்டான். போதும்டா, இது தமாஷா இல்ல என்றான். அவனுக்கு ரசனை போதாது.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிறு. ரிப்போர்ட் முடிந்தது, ஆனால் போனை வைக்கவில்லை. பர்மிஷன் இருந்தால் சொந்த விஷயம் ஒன்று பேசலாமா சார் என்றார். பேசுங்கள் என்றேன்.

"எனக்கும் அதுதான் சார். நெஞ்சு. முனிரத்தினம் இருந்த அதே போஸ்ட்ல நானும் ரெண்டு தடவை இருந்தேன். ஏப்ரல் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்ல சொல்லல."

நான் டேங்க் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். அவர் கிணற்றடியில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் கிணற்றுச் சுவரைப் பிடித்திருந்தார், போனில் அது தெரியாது என்ற தைரியத்தில்.

"இந்த ஆர்டர் வர்றதுக்கு முன்னால ராத்திரில தூக்கம் வராது சார். கட்டில்ல போறமேன்னு. இப்ப லிஸ்ட்ல மூணு பேருக்குக் கீழ ஒரு வரி காலியா விட்டா... அது ரூலுக்குச் சரியா சார்?"

அப்போது அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பதினொரு வருஷம் கேட்டது. இத்தனை ஞாயிறும் அது போனில் இருந்திருக்கிறது, நான் கர்னலாக இருந்ததால் கவனிக்கவில்லை.

"ம்ஹ்ம்," என்றேன். இடைவெளி விட்டேன். "ஒரு வரி விடுங்க சாப். இது ஆர்டர்."

தேங்க்யூ சார் என்றார். ஆர்டரைத் திருப்பிச் சொன்னார். நான் கீழே இறங்கி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்குக் கறிக்குழம்பு. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன். ஏன் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு நான் போனை எடுக்கவில்லை. பதினொரு தடவை அடித்தார். அதற்கடுத்த வாரம் எடுத்தேன், வெளியூரில் இருந்தேன் சாப் என்றேன். ஸாரி சார், தொந்தரவு பண்ணிவிட்டேன் என்றார், அவர். சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை என் சொந்தக் குரலில் வாயைத் திறந்தேன். ஆர்டர் பொய்யானால் அப்பா பேர் போகும், அது போகட்டும், சுபேதாருடைய அந்த ஒரு வரியும் போகும். வாயை மூடிக்கொண்டேன். வேண்டுமென்றால் நீங்களே அந்த இடத்தில் இருந்து பாருங்கள்.

டிசம்பர் பதினாறு வந்தது. அம்மா அந்தப் புடவையைக் கட்டினாள். கெட்டிலை ஆசிப்பின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு முன்வரிசைக்கு வந்தாள். என்னைத் தன் வலது பக்கம் நிறுத்தினாள். "ஒழுங்கா சொல்லுடா தீபா. எவன் குரல்லயும் சொல்லாத" என்றாள். தீபன் என் பேர், அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள்.

சுபேதார் இளைத்திருந்தார். மெடல் குத்திய இடத்தில் சட்டை தொங்கியது. பதினொரு பேரையும் கூப்பிட்டார். பதினொரு பேரும் வந்தார்கள். வழக்கமாக அதோடு டீ. கெட்டில் நகர்ந்த சத்தம் கேட்டது. அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மேலிடத்து உத்தரவுப்படி, கர்னல் நஞ்சப்பா அவர்கள் ஆணைப்படி என்று உரக்கப் படித்தார். சங்கத்து ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

லான்ஸ் நாயக் துளசிராம். அவர் மகள் வேலூரிலிருந்து வந்திருந்தாள். "ஹாஜர், சாப்." அழுதுகொண்டே சொன்னாள். ஹவில்தார் ஆரோக்கியம். அவர் தம்பி சொன்னார், சொல்லிவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்புறம் நம்பர். அப்புறம் "நாயக் முனிரத்தினம்."

நான் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன் அண்ணே. அப்பா குரலில் சொல்லலாம் என்று பார்த்தேன், இருமல்தான் வந்தது. என் குரலில் சொல்லலாம் என்று குளியலறையில் சொல்லிப் பார்த்தேன், அது யாரோ பேசுவது மாதிரி இருந்தது, யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா முழங்கையால் இடித்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"ம்ஹ்ம்." இடைவெளி. "ஹாஜர், சாப்."

நான் வேண்டுமென்று செய்யவில்லை. அதை மட்டும் நம்புங்கள். அந்தப் பேருக்குப் பக்கத்தில் என்னிடம் வேறு குரல் இல்லை.

சுபேதாருடைய குதிகால் ஒட்டியது. உடம்பு விறைத்தது. கை நெற்றிக்குப் பாதி தூரம் போய்விட்டது. நான் சொன்ன சிரிப்பு இதுதான் அண்ணே. பின்னால் எங்கேயோ ஆசிப் ஒரு தடவை சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, பையன் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்திருப்பார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை, நேராகக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கை பாதியிலேயே நின்றது. கண் மட்டும் நகர்ந்தது. கூட்டத்துக்குப் பின்னால் ஜீப் எதுவும் வந்திருக்கிறதா என்று ரோட்டைப் பார்த்தது. ரோட்டில் யாரும் இல்லை. அப்புறம் முன்வரிசைக்கு வந்தது. ஒவ்வொரு முகமாக வந்து என் முகத்தில் நின்றது. அங்கேயே இருந்தது. எத்தனை ஞாயிறு என்று எண்ணுகிற மாதிரி இருந்தது எனக்கு. கையைக் கீழே இறக்கினார். அவருடைய மூச்சு முன்வரிசை வரைக்கும் கேட்டது.

தாளைப் பார்த்தார். முனிரத்தினத்துக்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருந்தது, நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. தாளை நாலாக மடித்துப் பையில் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், இப்போது எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறார் என்று.

சொல்லவில்லை. தாள் இல்லாமல், யார் ஆணைப்படி என்றும் சொல்லாமல், அந்த நம்பரைச் சொன்னார். ஒன்பது இலக்கமும் சரியாக. கண்ணைத் திறந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாயக் முனிரத்தினம்," என்று இன்னொரு தடவை கூப்பிட்டார்.